மாவுத் தூக்குக்குப் பின்னால்

சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஒரு சின்ன டப்பா வெளியே வரும். உள்ளே மருந்து நிரப்பின ஊசி. அரை மணி நேரத்துல குளிர் விட்டதும் தொடையில இறங்கும். காலண்டர்ல 'இ', 'வ'ன்னு குறிச்சு வெச்சிருப்பேன். இந்த வாரம் இடது, அடுத்த வாரம் வலது.

சனத்நகருக்கு வேலைக்கு வந்து நாலாவது வருஷம், ஒரு மே மாசம், பரத்நகர் ஸ்டேஷன் படியில இடது கால் சொன்ன பேச்சு கேக்கலை. வெயில்னு நெனச்சேன். எம்.ஆர்.ஐ. பாத்துட்டு நரம்பு டாக்டர் சொன்னார்: மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ், சுருக்கமா எம்.எஸ். வெயிலும் சும்மா இல்லை. உடம்பு சூடானா இந்த வியாதி இன்னும் படுத்தும். ஹைதராபாத்ல மே மாசம்னா கேக்கவே வேணாம்.

மருந்து இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ, வாரம் 30 மைக்ரோகிராம். 1996-ல் அமெரிக்காவுல அனுமதி கெடச்ச பழைய ஆள். 2010-க்கு அப்புறம் மாத்திரைகளும் வந்தாச்சு. என் டாக்டர், ஒத்துக்கிட்டதை ஏன் மாத்தணும்னுட்டார். குணமாக்காது, அடுத்த அடி விழறதைக் குறைக்கும். போட்ட ராத்திரி காய்ச்சல், நடுக்கம், மேல்வலி. முன்னாடியே ஒரு பாராசிட்டமால் போட்டுக்கணும். ஞாயித்துக்கிழமை பாதி போச்சு :-)

முதல்ல மனைவிதான் போட்டுவிட்டா. அவ தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாடியே கிளம்பிப் போன வாரம், நான் கட்டில் ஓரத்துல ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தேன். அடுத்தவங்க குத்தினா கண்ணை மூடிக்கலாம். கடைசியில குத்தினேன். எறும்புக் கடி. அதுக்கா இவ்வளவு நேரம்னு என் மேலேயே கோபம் வந்துச்சு.

இதுல ஒண்ணும் கோவில்பட்டிக்குத் தெரியாது. போன்ல "நல்லாயிருக்கேம்மா"தான். அம்மா வந்தப்போ டப்பாவை மாவுத் தூக்குக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன். மாவை யார் எடுப்பாங்கன்னு யோசிக்காத புத்திசாலி!

"ஏய்யா, உனக்கு சுகரா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். எங்க தெருவுல சுகர் இல்லாத வீடே கெடையாது, அம்மா அதோட விட்டிருப்பாங்க. வாய் வரலை.

"இல்லம்மா, எம்.எஸ்."

"எம்.எஸ்.னா சுப்புலட்சுமில்ல?"

சிரிச்சுட்டேன். அம்மா சிரிக்கலை. அப்பா மோட்டார் காயில் கட்டினவர். அதை வெச்சே சொன்னேன். கம்பி மேல இருக்கிற பூச்சு உரிஞ்சா மோட்டார் என்னாகும்? அது மாதிரி நரம்பு மேல ஒரு உறை. என் உடம்பே அதை எதிரின்னு நெனச்சு உரிக்குது.

"அப்பா பழைய கம்பியை உருவிட்டுப் புதுசு கட்டுவாரே."

"இதுல அப்படிக் கட்ட முடியாதும்மா. மிச்சத்தைக் காப்பாத்திக்கத்தான் ஊசி."

ரொம்ப நேரம் பேசலை. அன்னிக்கு சனிக்கிழமை. நான் குத்திக்கிறப்போ சுவத்தைப் பாத்துக்கிட்டு பக்கத்துலயே நின்னாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நடுக்கம் வந்தப்போ ரெண்டு போர்வை மேல விழுந்துச்சு, கூடவே திட்டும்: "எத்தனை வருஷமாடா?" காலையில பாத்தா மாவுத் தூக்கு கீழ்த்தட்டுக்குப் போயிருந்துச்சு. நடுத்தட்டுல டப்பா மட்டும் தனியா.

இப்பல்லாம் சனிக்கிழமை எட்டரைக்கு ஊர்லேருந்து போன் வரும். நல்லாயிருக்கியான்னு கேக்கறதில்லை.

"இன்னைக்கு இடதா, வலதா?"