தாயம் ஏன் விழ மாட்டேன் என்கிறது?

தாயக்கட்டம் ஆடிய யாருக்கும் இது தெரியும். காயை இறக்கத் தாயம் வேண்டும் என்று கட்டையை உருட்டினால், அதைத் தவிர மற்றதெல்லாம் வரிசையாக விழும். எங்கள் வீட்டில் எல்லாப் பழியும் கைராசி மேல்தான். சித்திக்குக் கைராசி உண்டு, எனக்குக் கிடையாது. ஆச்சியோ கட்டைகளை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டு, "விழு தாயம்!" என்று அதட்டித்தான் உருட்டுவாள். அப்போதும் மூன்றுதான் விழும்.

ஏன் மூன்று என்பதற்குக் கட்டையிலேயே பதில் இருக்கிறது. பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள். மூன்று முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள், நான்காவது வெறுமை. விழும் புள்ளிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: மொத்தம் ஒன்று என்றால் அதுதான் தாயம், இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. முதல் கட்டை நான்கு விதமாக விழலாம். அந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கட்டை நான்கு விதமாக விழலாம். ஆக மொத்தம் 16.

பிள்ளைகளை எண்ணச் சொன்னால் பெரும்பாலும் 10 என்றுதான் சொல்வார்கள். "ஒன்றும் வெறுமையும், வெறுமையும் ஒன்றும் ஒரே தாயம்தானே?" என்பது அவர்கள் கேள்வி. ஒரு கட்டையில் சிவப்பு நூலைச் சுற்றிவிட்டால் போதும். புள்ளி நூல் கட்டையில் விழுவது வேறு, மற்றதில் விழுவது வேறு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இப்போது எண்ணலாம். மூன்று விழ 4 வழிகள். இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று. தாயத்துக்கும் ஐந்துக்கும் இவ்விரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றே. கூட்டினால் 16. தாயம் சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு முறை விழும். அதற்காக எட்டாவது உருட்டலில் கட்டாயம் விழும் என்று எண்ணிவிடக் கூடாது. எட்டு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நான் கைராசி இல்லாதவன் என்று பெயர் வாங்க அதுவே போதும்.

என்னை வியக்க வைத்தது ஆட்டத்தின் விதி. எங்கள் வழக்கப்படி தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் கட்டை அடுத்தவர் கைக்குப் போய்விடும். மேலே உள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு வழிகளோ அதற்குக் குறைவோ உள்ள எண்களுக்கு மட்டுமே பரிசு. அரிதாக விழுவது எது என்பதை விதி சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது.

கட்டை கிடைக்காத நாளில் ஆறு சோழிகளைக் குலுக்கிப் போடுவோம். வாய் மேலே தெரிய விழுந்தவற்றை எண்ணுவோம். ஒன்றுமே தெரியாவிட்டால் பன்னிரண்டு. இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 64 விதம். மூன்றுக்கு 20, இரண்டு, நான்குக்குப் பதினைந்து பதினைந்து, தாயம், ஐந்துக்கு ஆறாறு, ஆறு, பன்னிரண்டுக்கு ஒவ்வொன்று. கருவி மாறினாலும் அரிய எண்களின் வரிசை மாறவில்லை, அதனால் விதியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் தாயம் இன்னும் அரிதாகிவிடுகிறது: கட்டையில் 64-க்கு 8 என்றால் சோழியில் 6. "சோழியில ஆட்டம் இழுக்கும்" என்று ஆச்சி சொல்வது வெறும் சலிப்பில்லை.

அரிதானது எது என்று கணக்குக்கு முன்பே ஆடுபவர்கள் கண்டுகொள்வது இத்தாலியிலும் நடந்திருக்கிறது. மூன்று பகடைகளை உருட்டினால் ஒன்பதைவிடப் பத்து சற்று அதிகமாக விழுகிறது என்று சூதாடிகள் கண்டிருந்தார்கள். இரண்டையுமே ஆறு வகையாகத்தான் கூட்டிப் பெற முடியும். பிறகு ஏன் இந்த வேறுபாடு? கலீலியோ எண்ணிக் காட்டினார்: எந்தப் பகடையில் எது விழுகிறது என்று பிரித்துப் பார்த்தால் 216 விதங்களில் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27. அவ்வளவு சிறிய வேறுபாட்டையும் ஆடிப் பழகிய கை உணர்ந்திருக்கிறது.

பள்ளியில் நிகழ்தகவுப் பாடம் நாணயத்தோடும் பகடையோடும் தொடங்குகிறது. ஆசிரியர்கள் ஒரு ஜோடி தாயக்கட்டையையும் வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம். பிள்ளைகள் முதலில் நூறு முறை உருட்டிக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு 16 கட்டங்கள் போட்டு எண்ணட்டும். சூத்திரம் அதற்கப்புறம் வந்தால் போதும்.