காத்திருக்கும் நுண்குழல்கள்

தாராவியை ஒட்டி நிற்கும் சயான் மருத்துவமனையில் 1989ஆம் ஆண்டு மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி அதுவே. குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் ஏன் இன்றியமையாதது என்று கேட்டால், நோய்த்தொற்றைத் தடுக்கும் என்பதே வழக்கமான விடை. அது சரியானதே. ஆயினும் சிறுநீரகத்திடமும் ஒரு விடை உண்டு.

பிறந்த எலிக்குட்டியின் சிறுநீரகம் முற்றுப்பெற்றதன்று. நுண்குழல்களில் சோடியத்தை மீட்டெடுக்க உதவும் சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸ் நொதியின் செயல்பாடு குறைவு. சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றலும் குறைவு. முதல் இரு வாரங்களில் அட்ரினல் சுரப்பி ஏறத்தாழ மௌனமாக இருக்கிறது. மூன்றாம் வாரத்தில், குட்டி பால்குடி மறக்கத் தொடங்கும் தறுவாயில், குருதியில் கார்ட்டிகோஸ்டிரோன் உயர்கிறது, நுண்குழலும் முதிர்கிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் அனிதா அபேரியாவின் குழுவினர் இத்தொடர்பை ஆராய்ந்தனர். அட்ரினலை அகற்றினால் முதிர்ச்சி மங்குகிறது. குளூக்கோகார்ட்டிகாய்டைச் செலுத்தினால் நொதி உரிய காலத்துக்கு முன்பே பெருகுகிறது.

மனிதக் குழந்தையிலும் இதன் சாயல் உண்டு. பச்சிளங்குழந்தையின் உடலில் ஆல்டோஸ்டிரோன் மிகுதியாகச் சுரந்தாலும், நுண்குழல் அதற்கு முழுமையாகச் செவிசாய்ப்பதில்லை. குறைமாதக் குழந்தையோ உப்பைச் சிறுநீரில் இழந்துகொண்டேயிருக்கிறது. சில வேளைகளில் உப்பைத் தனியே கொடுக்கவும் நேர்கிறது. அதற்காகப் பசும்பால் தீர்வாகிவிடாது. அதில் புரதமும் சோடியமும் தாய்ப்பாலைவிடச் சுமார் மூன்று மடங்கு. செறிவாக்கத் தெரியாத சிறுநீரகம் அந்தக் கழிவை வெளியேற்ற உடலின் நீரையே செலவிட வேண்டும்.

முதிர்ச்சியை மருந்தால் விரைவுபடுத்தினால் என்ன? 1969இல் லிகின்ஸ் ஆட்டுக்குட்டிகளில் கண்டதும், 1972இல் அவரும் ஹோவியும் வெளியிட்ட மருத்துவ ஆய்வும் பிரசவத்துக்கு முந்தைய ஸ்டீராய்டு ஊசிக்கு வழிவகுத்தன. நுரையீரல் முதிர்ந்து எண்ணற்ற குழந்தைகள் பிழைத்தனர். ஆனால் சினை எலிகளுக்கு அதே வகை மருந்தை மிகையாகக் கொடுத்தபோது, குட்டிகளின் நெஃப்ரான் எண்ணிக்கை குறைந்தது. வளர்ந்தபின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. முதிரச் சொல்லும் அதே ஹார்மோன், வேளை தவறினால் வளர்ச்சியை நிறுத்தவும் சொல்லும்.

ஆகவே முதிராமையைப் பிழையென்று மட்டும் படிப்பது போதாது. அது தாய்ப்பாலை நம்பி நீளும் ஒரு காத்திருப்பு. எலிக்குட்டிக்கு அந்த அவகாசத்தைத் தாயின் மடி தருகிறது. தாய்க்குப் பால் சுரக்காத குறைமாதக் குழந்தைக்கு, சயானில், முன்பின் அறியாத இன்னொரு தாய் தருகிறாள்.