கறுப்பனுக்கு ஒரு கரண்டிச் சாறு



பாடநூல், பயிற்றி, மாணவர் என்றே சுற்றிவரும் இப்பக்கத்தில் இன்று ஒரு நாயைப் பற்றி எழுதுகிறேன். முதுமையில் உணவை மறுக்கும் நாயை வைத்துக்கொண்டு செய்வதறியாது தவிப்போர் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுள் ஒருவருக்கேனும் இது பயன்படக்கூடும்.

கறுப்பன் என் தந்தையார் வளர்த்த நாய். வயது பதின்மூன்று. தந்தையார் 2022-இல் காலமானபின் தாமானில் உள்ள அந்த வீட்டில் அம்மாவுக்குத் துணை அவன் ஒருவன்தான். சென்ற ஆண்டு அவன் உலர் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு விலகத் தொடங்கினான். 14 கிலோ இருந்தவன் 11 கிலோவுக்கு இறங்கினான். அவன் உண்ணாத நாள்களில் அம்மாவும் பெயருக்கே உண்டார். ஆகவே எங்களுக்கு இது வெறும் நாயின் பசியைப் பற்றிய கவலையாக இருக்கவில்லை.

முதலில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாய் உணவை மறுப்பது சுவைக் குறைவால் மட்டுமன்று. பல்நோய், சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு எனக் காரணங்கள் பல. ஒரு நாள் முழுவதும் ஒன்றுமே உண்ணாவிட்டால் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தலாகாது. கறுப்பனுக்கு இரத்தப் பரிசோதனையில் குறையில்லை. சொத்தையான இரண்டு கடைவாய்ப் பற்களே வினை. அவற்றைப் பிடுங்கினார்கள்; புண்ணும் ஆறியது. ஆனால் தீனித்தட்டைக் கண்டால் அவன் பழையபடியே பின்வாங்கினான்.

அப்போது எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த பாவ்லோவ் நினைவுக்கு வந்தார். உளவியல் பாடத்தில் நாம் எல்லாரும் அவருடைய நாய்களைச் சந்தித்திருக்கிறோம். ஆனால் 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. விழுங்கிய உணவு இரைப்பையை எட்டாதபடி செய்தும், உண்ணும் விருப்பத்தாலேயே நாயின் இரைப்பையில் செரிநீர் சுரப்பதை அவர் காட்டினார். விருப்பமும் செரிமானத்தின் ஒரு பகுதி என்பது அதன் பொருள். மணியோசைக்கு எச்சில் ஊறக் கற்கும் நாய், கடினமான தீனி என்றால் வலி என்பதையும் கற்கும். பல் போய்விட்டது, பாடம் போகவில்லை. புதிய பாடம் ஒன்று கற்பிக்க வேண்டியிருந்தது.

அதற்குக் கருவியாக அமைந்தது கோழிச் சாறு. மனித நாவில் ஏறத்தாழ 9,000 சுவையரும்புகள் இருக்க, நாயின் நாவில் 1,700 அளவே உள்ளன. அதன் உணவு மூக்கிலிருந்துதான் தொடங்குகிறது. முதுமையில் மோப்பமும் மங்குகிறது. வெதுவெதுப்பான சாற்றை ஊற்றினால் மணம் எழுகிறது, தீனி மென்மையாகிறது, ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே ஈரம் கொண்ட உலர் தீனியோடு நீரும் உள்ளே செல்கிறது.

செய்முறை எளிது. கோழி எலும்பையும் இரண்டு கோழிக் கால்களையும் மூழ்கும் அளவு நீரில் இட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுக. வேறெதுவும் வேண்டா. இங்கேதான் அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம்.

"ஏம்மா, வெங்காயம் பூண்டு இல்லாம சூப்பு எப்படி மணக்கும்?"

"நமக்கு மணக்காதும்மா. அவனுக்கு மணக்கும்."

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்நச்சு நீங்காது. கடைகளில் விற்கும் சூப்புக் கட்டிகளில் உப்போடு வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் கலந்திருப்பது வழக்கம். ஆகவே அவற்றையும் தவிர்த்தல் வேண்டும். வீட்டில் மிஞ்சிய இரசமும் கறிக் குழம்பும் அவ்வாறே.

கொதித்த சாற்றை வடிகட்டி, எலும்புகளை ஒன்று விடாமல் எறிந்துவிடுக. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். சாற்றை இரவு முழுதும் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே உறையும். அதை வழித்தெடுத்துவிட வேண்டும். மிகுந்த கொழுப்பு கணைய அழற்சிக்கு வழிவகுக்கும். மூன்று நாளைக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, எஞ்சியதை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் நாளுக்கு ஒரு கட்டி எடுத்துச் சூடாக்கலாம். ஊறிய தீனி நம் நாட்டு வெப்பத்தில் விரைவில் கெடும். அரை மணி நேரத்தில் உண்ணாததை எடுத்துவிடுவது நன்று.

முதல் நாள் கறுப்பன் சாற்றை மட்டும் நக்கினான். மூன்றாம் நாள் ஊறிய தீனியில் நான்கைந்து. இரண்டு வாரத்தில் தட்டைக் காலி செய்தான். அம்மாவுக்கு அதன்பின் சாற்றின் அளவைக் கூட்டும் ஆசை வந்தது. ஆனால் சாறு முழு உணவாகாது. இத்தகைய கூடுதல்கள் நாளுணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது மருத்துவர்கள் கூறும் அளவு. எனவே வாரந்தோறும் ஒரு கரண்டி குறைத்தோம்.

என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் உண்டு. வாசிப்பு நூலைத் திறந்தாலே கழிப்பறைக்கு அனுமதி கேட்பான். அவன் எழுத்தறியாதவன் அல்லன். முன்பு தடுமாறியபோது வகுப்பே சிரித்ததை மறக்காதவன். அவனுக்காக இப்போது முதல் இரண்டு வரிகளை நான் வாசிக்கிறேன், மூன்றாவதை இருவரும் சேர்ந்து வாசிக்கிறோம், நான்காவது அவனுடையது. என் பங்கை நாளடைவில் குறைத்து வருகிறேன். பாட்டும் விளையாட்டும் படக்கதையும் பாடத்தின் மேல் ஊற்றும் சாறுதானே? முழுவதும் சாறாகிவிட்டால் பாடம் எங்கே? அறவே இல்லையென்றால், அஞ்சிய பிள்ளை தட்டருகே வருவது எப்படி?

கறுப்பன் இன்று 13 கிலோ. காலையில் ஒரு கரண்டிச் சாறு போதும். அவன் உண்டு முடிக்கும் வரை அம்மா அருகில் முக்காலியில் அமர்ந்து தம் தோசையை உண்கிறார், இரண்டு தோசை.