பந்தைக் கொண்டு வருபவள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம். வலைப்பந்தாட்டப் போட்டி முடிந்து வந்த என் மகள் சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, "அம்மா, நான் இனி விளையாடப் போகேல்லை" என்றாள்.

"ஏன் பிள்ளை, தோத்துப் போனியளோ?"

"இல்லை, வெண்டிட்டம்."

வென்ற வீட்டில் எதற்கு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. மெல்ல மெல்லக் கேட்டபோதுதான் சொன்னாள். கோல் போட்ட பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். பரிசும் அந்தப் பிள்ளைக்குத்தானாம். ஓடி ஓடிப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்த இவளுடைய பெயரை ஒருவரும் சொல்லவில்லையாம்.

என் மகள் சென்ரர் இடத்தில் விளையாடுபவள். அவள் அழுதபோது எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் சென்ரராக விளையாடியவள்.

நான் வலிகாமத்தில் பிறந்து வளர்ந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மின்சாரம் இல்லாத அந்த நாட்களிலும், நாங்கள் பாடசாலை மண் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு விளையாடினோம். திடலின் ஓரத்திலேயே பதுங்குகுழி இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் பந்தையும் தூக்கிக்கொண்டு அதற்குள் இறங்குவோம். ஒருமுறை கேடயம் வென்றோம். அணிப் படத்தில் நான் கரையில் நின்றேன். அந்தப் படமும் 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வோடு போய்விட்டது. பிறகு தென்மராட்சி, அதன் பிறகு கிளாலி கடந்து வன்னி. 2009இல் கைக்குழந்தையாக இருந்த இந்த மகளோடு நான் தனித்துப் போனேன். நான் விளையாடினேன் என்பதற்கு இன்று என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

என் பிள்ளையும் பெயர் தெரியாதவளாகப் போகக்கூடாது என்று நினைத்தேன். வலைப்பந்தில் பெயர் எடுத்த பெண்களுக்கு நிறுவனங்களில் வேலை கிடைப்பதுண்டு. தையல் மெசினை நம்பி வாழும் எனக்கு அந்த ஆசையும் இருந்தது. அடுத்த நாளே பொறுப்பான ரீச்சரிடம் போய், "இவளைக் கோல் போடுற இடத்தில விடுங்கோ" என்று கேட்டேன். ரீச்சர் தயங்கினார். "அக்கா, பிறகு பந்தைக் கொண்டு வர ஆளில்லையே" என்றார். நான் விடவில்லை. கடைசியில் மாற்றினார்.

அடுத்த சுற்றுப்போட்டிக்குத் தண்ணீர்ப் போத்தல்களோடு நானும் போனேன். முதல் இரண்டு போட்டிகளிலும் எதிரணிகள் பலவீனமானவை. மகள் நிறையக் கோல்கள் போட்டாள். நான் பூரித்துப்போனேன். அரையிறுதியில் வந்த அணி நெருக்கிப் பிடித்து விளையாடும் அணி. எங்கள் சென்ரரில் நின்ற பிள்ளை உயரமானவள், கெட்டிக்காரி. ஆனால் அந்த இடம் அவளுக்குப் புதிது. பந்தைப் பிடித்தவுடன் பதறினாள். யாருக்குக் கொடுப்பது என்று பார்ப்பதற்குள் நேரம் போய்விடும். அவசரத்தில் எறிந்த பந்து எதிரணியின் கைக்குப் போகும். என் மகள் வளையத்தின் கீழே இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றாள். தோற்றுப்போனோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒன்றுதான் சொன்னாள்: "அம்மா, எனக்குப் பந்தே வரேல்லை."

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. முப்பது வருடங்களுக்கு முன் நான் செய்த வேலையின் பெறுமதி அன்றுதான் எனக்கே விளங்கியது.

இந்த விளையாட்டைத் தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். வலைப்பந்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்த பந்தை மூன்று விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். கோல் போடக்கூடியவர்கள் இரண்டு பேர் மட்டுமே. மைதானத்தின் மூன்று பகுதிகளுக்கும் போய்வரக்கூடியவள் சென்ரர் ஒருத்திதான். ஆனால் கோல் வட்டத்துக்குள் அவள் கால் வைக்க முடியாது. வட்டத்தின் விளிம்பு வரை பந்தைக் கொண்டுவந்து கொடுப்பதோடு அவள் வேலை முடிந்தது. கோல் கணக்கில் அவள் பெயர் வராது.

ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவிலிருந்து பந்தைத் தொடங்கும் முறை இரண்டு அணிகளுக்கும் மாறி மாறி வரும். எங்கள் முறையில் பந்தைப் பறிகொடுத்தால் எங்களுக்கு வரவேண்டிய கோலும் போகும், எதிரணிக்கு ஒன்றும் கூடும். ஒரு பிழை, இரண்டு கோல் நட்டம்.

சுற்றுப்போட்டியில் இது இன்னும் கூர்மையாகும். ஒரே நாளில் பல போட்டிகள், பழக்கமில்லாத திடல், வெயில், காற்று. கோல் போடும் கை ஒருநாள் சரிவரும், ஒருநாள் சரிவராது. ஒரு தோல்வியோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். அப்படியான நாளில் அணியைத் தாங்குவது பந்தைப் பறிகொடுக்காத கைகள்தான். கடைசி இரண்டு நிமிடம், ஒரு கோல் முன்னிலை என்றால் அவசரப்படாமல் பந்தை வைத்திருக்கத் தெரிய வேண்டும். அதைப் பயிற்சியும் நிதானமும் உள்ளவளால்தான் செய்ய முடியும்.

கூடைப்பந்திலும் இதே கதைதான். அங்கே இந்த வேலையைச் செய்பவரைக் கார்ட் என்பார்கள். எட்டு விநாடிக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். இருபத்துநான்கு விநாடிக்குள் அணி பந்தை எறிந்தாக வேண்டும். நெருக்கும்போது கார்ட் தடுமாறினால், கூடையின் கீழே எவ்வளவு உயரமானவர் நின்றும் பயனில்லை.

எங்கள் மண்ணிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை அறியாதவர் இல்லை. ஆறடி பத்து அங்குல உயரம். 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப்போட்டியில் இலங்கை அணி சிங்கப்பூரை 69–50 என்று வென்றபோது அவர் அணியில் இருந்தார். அடுத்த வருடம், 2019இல், லிவர்பூலில் உலகக் கிண்ணம். அதில் அவர் 377 தடவை எறிந்து 348 கோல்கள் போட்டார். அந்தப் போட்டியில் உலகத்திலேயே அதிக கோல் போட்டவர் அவர்தான். ஆனால் பதினாறு அணிகளில் இலங்கைக்குக் கிடைத்தது பதினைந்தாம் இடம்.

எதிரணிகள் பலமானவை என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கணக்கை யோசித்துப் பாருங்கள். கைக்கு வந்த பந்தை அவர் தவறவிட்டது மிகக் குறைவு. உலகத்தின் சிறந்த கை ஒன்று வளையத்தின் கீழே காத்திருந்தாலும், பந்து அங்கே வந்து சேர வேண்டும். எதிரணியின் பந்தையும் தடுக்க வேண்டும். ஒருவரால் மட்டும் ஓர் அணியை வெல்ல வைக்க முடியாது.

எங்கள் வாழ்க்கையும் இதைத்தானே காட்டியது? 1995இல் அந்த ஒரே இரவில் நாங்கள் நடந்தபோது, என் அம்மா பெரிய காரியம் எதுவும் செய்யவில்லை. கூப்பன் காட்டையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் இடுப்பில் முடிந்திருந்தார். இருட்டில் அடிக்கடி நின்று எங்களை எண்ணினார். நாங்கள் எல்லோரும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினோம். அம்மாவின் பெயரையும் ஒருவரும் ஒலிபெருக்கியில் சொல்லவில்லை.

மறுவாரம் ரீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மகளிடமும் கேட்டேன். "எனக்குக் கிடைக்காத பெயரை உன்னட்டை எடுக்கப் பார்த்திட்டன்" என்றேன். அவள் சிரித்துவிட்டுச் சென்ரர் இடத்துக்கே போனாள்.

அதற்கடுத்த சுற்றுப்போட்டியில் அவர்கள் கிண்ணம் வெல்லவில்லை, மூன்றாம் இடம்தான். ஒலிபெருக்கியில் அன்றும் கோல் போட்ட பிள்ளையின் பெயரைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அந்தப் பிள்ளை திரும்பி என் மகளைப் பார்த்துக் கையை உயர்த்தியதை நான் கண்டேன். மகளும் கண்டாள்.

உங்கள் பிள்ளைகளின் விளையாட்டைப் பார்க்கப் போனால், பந்து வளையத்துக்குள் விழும்போது மட்டும் கைதட்டாதீர்கள். அதற்கு முன் அது யாருடைய கையில் இருந்தது என்றும் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லுங்கள்.