ரிச்சி தெருவில் கிளி பார்த்தோம்!

சென்னை அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, கேஸினோ தியேட்டர் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அந்தப் பக்கம் புகுந்தால் ரிச்சி தெரு. தெரு என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. லோடு வண்டி ஒன்று நுழைந்தால் ஜனங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ரிமோட், ஒயர், ஸ்பீக்கர், சர்க்யூட் போர்டு... ஒரு கடை வாசலில் டி.வி.யைக் குப்புறப் போட்டு முதுகைத் திறந்து ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும்.

டி.வி. வாங்க நினைப்பவர் ஷோரூமுக்குப் போகுமுன் இங்கே ஒரு ரவுண்டு அடிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஷோரூமில் டி.வி.யின் முகம் மட்டும்தான் தெரியும். இங்கே வயிறும் தெரியும்.

தங்கையின் கணவரை அழைத்துப் போயிருந்தேன். மாப்பிள்ளையிடம் போனஸ் பணம் 35,000 ரூபாய். வீட்டில் அவருடைய அம்மாவுக்கு ஒரு கண்ணில் காட்டராக்ட் ஆபரேஷன் முடிந்து, அடுத்த கண்ணுக்கு டாக்டர் தேதி கொடுத்திருந்தார். பழைய 24 இஞ்ச் டி.வி.க்கு மூன்றடி முன்னால் நாற்காலியைப் போட்டு, சீரியலில் அழுவது யார் என்பதைக் குரலை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். போன வாரம் ஒரு ஷோரூமில் 55 இஞ்ச் 4கே டி.வி.யைக் காட்டி, வட்டியில்லாத் தவணை என்று மயக்கிவிட்டார்கள். முன்பணமும் முதல் சில தவணைகளும் கட்டினால் இரண்டாவது கண்ணுக்கு வைத்த பணம் காலி.

"மச்சான், கிளியோட இறக்கை ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது!"

"வீட்டுல கிளி வளர்க்கறீங்களா, மாப்ளே?"

அந்தக் கிளி ஷோரூமுக்கென்றே 4கே-யில் எடுத்த படம். போதாததற்கு டி.வி.யில் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதோ சாதாரண கேபிள். அதில் ஒரு படத்துக்கு 720-க்கு 576, அதாவது நாலு லட்சம் புள்ளிதான். ஃபுல் ஹெச்.டி. என்றால் 1920-க்கு 1080, ஏறக்குறைய 21 லட்சம். 4கே என்றால் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம். வீட்டில் ஆறு இஞ்ச் பைப் போட்டாலும் மெட்ரோ வாட்டர் விடுகிற தண்ணீர்தானே வரும்? மீதிப் புள்ளிகளை டி.வி.யே குத்துமதிப்பாக இட்டு நிரப்பும்.

அடுத்தது தூரம். நல்ல கண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. 43 இஞ்ச் ஃபுல் ஹெச்.டி.யில் ஐந்தரை அடிக்கு அப்பால் போனால் தனிப் புள்ளி தெரியாது. 55 இஞ்ச் என்றால் ஏழு அடி. மாப்பிள்ளை வீட்டு சோபா எட்டாவது அடியில் இருக்கிறது. 4கே-க்குக் கொடுக்கிற கூடுதல் காசு அவர் கண் வரைக்கும் போய்ச் சேராது! மாறாக, திருவல்லிக்கேணி மேன்ஷனில் கட்டிலிலிருந்து நாலடியில் 32 இஞ்ச் பார்க்கிற பிரம்மச்சாரி 'ஹெச்.டி. ரெடி' வாங்கினால் புள்ளி தெரியும். அவர் ஃபுல் ஹெச்.டி.யே வாங்கட்டும். வேகமான பிராட்பேண்ட், 4கே-யில் படம் தரும் ஓ.டி.டி. சந்தா, கிட்டே உட்கார்ந்து வீடியோ கேம் என்று இருப்பவருக்கு 4கே நியாயம்தான்.

ஒரு கடையில் பெயர் கேள்விப்படாத டி.வி. ஒன்று. நெற்றியில் '4கே' ஸ்டிக்கர். விலை அநியாயத்துக்குக் குறைவு.

"பேனல் என்னங்க?"

"ஹெச்.டி. ரெடி ஸார். 4கே சப்போர்ட் பண்ணும்."

உண்மையைச் சொன்னாரே, வாழ்க! 83 லட்சம் புள்ளியை வாங்கிக்கொண்டு பத்து லட்சமாகக் காட்டும் என்பதுதான் அந்த சப்போர்ட்டுக்கு அர்த்தம். என் பென் டிரைவில் ஒரு படம் வைத்திருக்கிறேன். 1920-க்கு 1080 அளவில், ஒரு புள்ளி அகலக் கறுப்புக் கோடு, வெள்ளைக் கோடு, மாற்றி மாற்றி. நிஜமான ஃபுல் ஹெச்.டி. பேனலில் சீப்புப் பல் மாதிரி நிற்கும். இதில் கஞ்சியாகக் குழைந்தது.

தவணைக்கு வருவோம். பி.காம். படித்தவன் காதில் 'வட்டியில்லா' என்று விழுந்தாலே கை தானாகப் பேனாவைத் தேடும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013-ல் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. ரொக்கத் தள்ளுபடி போச்சு, ப்ராஸஸிங் கட்டணம் வந்தாச்சு. பெயர்தான் வேறே. இன்னொன்று, 32 இஞ்சுக்கு மேற்பட்ட டி.வி.க்கு 28 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பில்லைப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியில் நல்ல கம்பெனி 43 இஞ்ச் ஃபுல் ஹெச்.டி. 22,000 ரூபாய்க்குப் படிந்தது. கண் மங்கலானவருக்குப் புள்ளிக் கணக்கு எதற்கு? முகம் பெரிதாகத் தெரிந்தால் போதாதா! தங்க முலாம் பூசிய ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் 1,500 ரூபாய் என்றார்கள். 200 ரூபாய் ஒயர் வாங்கினோம். டிஜிட்டல் சமாசாரம், சிக்னல் கெட்டால் படம் விட்டுவிட்டு வரும், அல்லது வராது. தங்கத்தால் கிளி அழகாகாது.

வீட்டில்தான் நிஜ வேலை. கேபிள்காரரிடம் சொல்லிப் பழைய பாக்ஸை ஹெச்.டி. பாக்ஸாக மாற்றினோம். புது பாக்ஸ் 576-லேயே கிடந்தது. மெனுவுக்குள் போய் 1080 ஆக்கினேன். டி.வி. படத்தின் ஓரத்தை நறுக்கிப் பெரிதாக்கிக் காட்டியது. 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்ஸல்' என்று கம்பெனிக்கொரு பெயரில் இருக்கும் சங்கதியைப் போட்டதும் நறுக்கிய ஓரம் திரும்பி வந்தது. 'விவிட்' போய் 'சினிமா' வந்தது. சினிமாவை சீரியல் ஷூட்டிங் போல வழுவழுவென்று காட்டும் 'மோஷன்' சமாசாரத்தையும் அணைத்தேன். அம்மாவுக்காக வெளிச்சம் மட்டும் இரண்டு படி கூட்டினேன்.

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அகலத்துக்கு இழுத்துவிட்டதில் நாகேஷே தொப்பையோடு நின்றார். 4-க்கு 3 என்று மாற்றினேன்.

அம்மா நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். "பாவம், சாப்பிடவே மாட்டான் போலிருக்கு" என்றார்.

ஆபரேஷன் அடுத்த புதன்கிழமை.