கோத்த கைகள்



உடன்பிறந்தவரோடு பேச்சை நிறுத்திவிட்டு, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். நானும் அப்படி இருந்தவள்தான்.

எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அப்பாவுக்கு இழப்பீட்டுப் பணம் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கைகளுக்கு அதுவே மிச்சம். "ஈப்போவில் கடை வைக்கிறேன்" என்று தம்பி அதை வாங்கிப் போனான். கடையும் வரவில்லை, அவனும் வரவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த ஆறு ஆண்டுகளும் நான்தான் பார்த்துக்கொண்டேன். கடைசி வாரத்தில் வந்து நின்ற அவனை அப்பா கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு வயிறு எரிந்தது. அடக்கம் முடிந்தபின் அவனோடு நான் பேசவேயில்லை.

ஒருநாள் மறைக்கல்வி வகுப்புக்காகப் படமொன்று தேடினேன். லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மைந்தனின் படம் கிடைத்தது. ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட், 1669இல் இறப்பதற்குச் சிறிது காலத்துக்கு முன் தீட்டியது. ஆள் உயரத்தையும் மிஞ்சிய மூல ஓவியம், ரஷ்யாவில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அரும்பொருளகத்தில் இருக்கிறது. செருப்புக் கழன்ற காலோடு மண்டியிட்டிருக்கும் மகனின் முதுகில், தந்தையின் இரு கைகளும் விரிந்து படிந்திருக்கின்றன. வலப்பக்கம் சிவப்புப் போர்வையில் ஒருவர் விறைத்து நிற்கிறார். அவரே மூத்த மகன் என்பார்கள். அவர் கைகள் மட்டும் கோத்தபடி இருக்கின்றன.

அந்தக் கைகள் என் கைகளாகவே எனக்குத் தெரிந்தன. மூத்தவன் கெட்டவன் அல்லன், உழைத்தவன். ஆனாலும் அவன் வீட்டுக்குள் போகவில்லை. தந்தை வெளியே வந்து வருந்தி அழைத்த பிறகாவது போனானா? இயேசு அதைச் சொல்லாமலே கதையை நிறுத்திவிட்டார்.

கோத்த கைகளைப் பிரிப்பது எப்படி? கேரளத்தில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காகப் பாடுபட்டவர். 1995 பிப்ரவரி 25ஆம் நாள், ஓடும் பேருந்தில் சமுந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். 2002இல் ராணி மரியாவின் தங்கை, அருட்சகோதரி செல்மி பால், சிறைக்கே சென்று அந்தக் கொலையாளியின் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரனாக ஏற்றார். பெற்ற தாயோ பின்னர் அவர் கைகளை முத்தமிட்டார். 2006இல் அவர் விடுதலையானார். 2017இல் திருச்சபை ராணி மரியாவை அருளாளராக உயர்த்தியது.

அக்காளைக் கொன்ற கையையே ஒரு தங்கை பிடித்திருக்கிறாள். என் தம்பி எடுத்தது பணம்தானே?

அப்பாவின் நினைவுத் திருப்பலி ஈப்போ சிலிபின் லூர்து மாதா ஆலயத்தில் நடந்தது. தம்பிக்கு நானே சொல்லி அனுப்பினேன். வந்தவன் கடைசி வரிசையில் நின்றான். பூசை முடிந்ததும் போய் அவன் கையைப் பிடித்தேன். அப்பாவின் கையைப் போலவே காய்த்துப் போயிருந்தது. "அக்கா" என்றான். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

பணம் திரும்பவில்லை. அவன் செய்தது தவறு என்பதும் மாறவில்லை. இன்னும் சில இரவுகளில் மனம் கணக்குப் பார்க்கிறது. அப்போதெல்லாம் சுவரில் ஒட்டிய அந்தப் படத்தைப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாரேனும் வாசலில் நிற்கிறார்களா? மனம் இளகட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் கையை நீட்டுங்கள். மனம் பின்னால் வரும்.