கறுப்புத் தலை இறால்

பிறந்தது புதுச்சேரி. ஓய்வுக்குப் பிறகு வாசம் செம்மநத்தம். கடலை விட்டு மலையேறி வந்தாலும் இறால் தொக்கை மட்டும் நாக்கு மறக்கவில்லை. ஐஸ் பெட்டி வைத்த வண்டியில் வரும் மீன்காரத் தம்பியிடம்தான் வாங்குவோம். தலை கறுத்திருந்தால் என் மனைவி தள்ளிவிடுவாள். வெளுப்பாக மின்னுவதையே பொறுக்குவாள். நானும் தலையாட்டுவேன்.

சென்ற மாதம் பாரிஸில் இருக்கும் அக்கா, அங்கே வாங்கிய இறால் பாக்கெட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பள்ளியில் படித்த பிரெஞ்சு இப்போதும் கை கொடுக்கிறது. 'இந்தியாவில் பண்ணையில் வளர்த்தது' என்று ஒரு வரி. அதன் கீழே தடித்த எழுத்தில், 'சல்பைட் உள்ளது' என்று இன்னொரு வரி.

"தம்பி, உன் வீட்டுல இழுப்பு இருக்கே, பார்த்து வாங்குப்பா" என்றார் அக்கா.

அதன்பின் தேடிப் படித்தேன். இறால் செத்ததும் அதன் உடம்பிலுள்ள நொதியும் காற்றும் சேர்ந்து தலையைக் கறுக்க வைக்கும், நறுக்கிய வாழைக்காய் கறுப்பது போல. அந்தக் கறுப்பு மட்டுமே கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல. அது வராமலிருக்க, பிடித்தவுடன் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் முக்குவதுண்டு. அளவோடு இருந்தால் பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை. ஆஸ்துமாக்காரர் சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும்.

பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், உறைந்த பச்சை இறாலில் கிலோவுக்கு 100 மில்லிகிராம், வேகவைத்ததில் 30 என்று எல்லை வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 10 மில்லிகிராமைத் தாண்டினாலே லேபிளில் எழுதவேண்டும். 2005 முதல் இது சட்டம்.

பரிசோதிக்கும் முறைக்கு மோனியர்-வில்லியம்ஸ் என்று பெயர். அரைத்த இறாலை அமிலத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். கிளம்பும் கந்தக டை ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடுக்குள் செலுத்தினால் கந்தக அமிலமாகும். அதைச் சமப்படுத்த எவ்வளவு காரம் செலவானது என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். அடுப்படியில் நடக்கிற காரியமில்லை. நம் கண்ணுக்கோ மூக்கிற்கோ அது பிடிபடாது. உதிரியாக வாங்கும் இறாலுக்கு லேபிளும் கிடையாது.

அடுத்த வாரம் மீன்காரத் தம்பியிடம் கேட்டேன். "மருந்து போட்டதாப்பா இது?"

"எனக்குத் தெரியாதுங்க சார். ஆனா தலை கறுத்திருந்தா யாருங்க வாங்குறாங்க? உங்க வீட்டம்மாவே தள்ளிடுவாங்களே!"

நாற்பது வருடம் ஆபீசில் மற்றவர் ஃபைலில் குறை கண்டுபிடித்தவன் நான். அன்று குறிப்பு என் மேலேயே விழுந்தது. வெளுப்பாகத்தான் வேண்டும் என்று கேட்டது நாம்தானே?

இப்போதெல்லாம் நாற்றமில்லையா, சதை கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். தலை கொஞ்சம் கறுத்திருந்தால் மனைவி தள்ளுவதில்லை. "தலையைத்தான் கிள்ளிப் போடப் போறோமே" என்கிறாள்.